பழனியம்மா டீச்சர் கோணம் அளந்த கதை

வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே ஒரு பொருளை வருடா வருடம் எழுதிக் கேட்டவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அவர் பழனியம்மா டீச்சர். கேட்ட பொருள் கோணமானி.

ஏற்காட்டில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். கிளியூர்ப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைப் போட்டால் அந்த அம்மாள் இந்த வயதிலும் பஸ் ஏறி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவார். ஒரே நீளக் கூடம்தான் பள்ளி. ஒரு கோடியில் ஒன்றும் இரண்டும், அது என் பாடு. நடுவில் மூன்றும் நான்கும், தலைமை ஆசிரியர் ஆரோக்கியதாஸ் சார். மறு கோடியில் ஐந்தாம் வகுப்பு, பழனியம்மா டீச்சர். இடையில் சுவர் கிடையாது, கரும்பலகைகளை நிறுத்தி மறைத்திருப்போம். அதனால் ஐந்தாம் வகுப்பில் நடந்ததில் என் காதுக்கு வராதது எதுவும் இல்லை.

அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஏற்காடு கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீட்டை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். அக்கா கணக்கு நடத்துவதைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சுச் சுளையை எண்ணிப் பின்னம் சொல்லிக்கொடுப்பார். பாடம் முடிகிறபோது பின்னம் பிள்ளைகள் மண்டையிலும் சுளை அவர்கள் வயிற்றிலும் போயிருக்கும். பெருக்கலில் தப்புச் செய்கிற பிள்ளையைத் திட்டமாட்டார். "எங்க சாமி வழி மாறுன? வா, திரும்பிப் போயிப் பாக்கலாம்" என்பார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. என் கைப்பிரம்பைப் பற்றி இன்றைக்கும் ஊரில் பேச்சு உண்டு.

அக்காவின் கணவருக்குச் சேலத்தில் ஒரு மில்லில் வேலை. ஒரே மகள் சாந்தி, எட்டு வயது, அப்பாவோடு சேலத்தில் இருந்தாள். சனிக்கிழமை மதியம் அக்கா பஸ் பிடித்து மலை இறங்கினால் திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் திரும்ப ஏறியாக வேண்டும். கீழே மாறுதல் கேட்டு ஒன்பது வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தடவை தெருவில் யாரோ சாந்தியிடம், "உங்கம்மா எங்க கண்ணு?" என்று கேட்டிருக்கிறார்கள். அது, "எங்கம்மா சனிக்கிழமைங்க" என்று சொல்லியிருக்கிறது. இதை அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்ததும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாறுதல் நகர வேண்டுமானால் பள்ளி ஆய்வாளர் வந்து பார்த்து, பார்வைப் புத்தகத்தில் நல்லபடியாக எழுதி, மேலே ஒரு வார்த்தை பரிந்துரைக்க வேண்டும். எல்லாம் அந்த ஒரு ஆளின் பேனாவில் இருந்தது.

இனி கோணமானிக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பாடம் கோணம் அளப்பது. கோணமானி என்றால் அரை வட்டமாக, சுற்றிலும் பொடிப்பொடியாகக் கோடுகளும் எண்களும் போட்டிருக்குமே, அதுதான். அந்தப் பாடம் வருகிற மாதத்தில் ஆரோக்கியதாஸ் சார் வருடம் தவறாமல் யூனியன் ஆபீசுக்கு மூன்று படிகளில் கடிதம் எழுதுவார். பழனியம்மா டீச்சர் கோணமானி கேட்கிறார், அனுப்பி உதவவும். அங்கிருந்து பதில் வராது. அக்கா பிள்ளைகளிடம், "கருவி வரலைங் கண்ணுங்களா. ஆறாவதுல சொல்லிக் குடுப்பாங்க" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவார். இப்படி ஆறு வருடம் போயிற்று.

1982-இல், பொங்கல் கழிந்த மறு வாரம், கருவி வந்துவிட்டது.

பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார்கள். சாக்குத் துணியில் சுற்றிய மூட்டையை ஆரோக்கியதாஸ் சார் தோளில் தூக்கிக்கொண்டு, தேரை இழுத்து வந்தவர் போலப் பெருமையாக உள்ளே நுழைந்தார். இருபது பிளாஸ்டிக் கோணமானிகள். கரும்பலகையில் வைத்துக் காட்டுவதற்கு முழ நீளத்தில் மரத்தில் ஒன்று. கூடவே ஒரு கடிதம். இருபத்தைந்து நாள் கழித்து ஆய்வாளர் நேரில் வருவார், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இக்கருவியால் கோணம் அளப்பதைப் பார்வையிடுவார் என்று அதில் இருந்தது.

"பாத்தீங்களா டீச்சர், நம்ம எழுத்துக்கும் ஒரு மதிப்பு இருக்குது!" என்றார் சார்.

"நொம்ப சந்தோசமுங்க சார்" என்றார் அக்கா. முகம் வெளுத்துப் போயிருந்தது.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் மதியம் அக்கா பஸ்ஸுக்குப் போகவில்லை. தலைவலி என்றார். ஒன்பது வருடத்தில் காய்ச்சலோடுகூட மலை இறங்கியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலை நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், தரையில் ஒரு பிளாஸ்டிக் கோணமானி, நாலைந்து காகிதம், நடுவில் சம்மணம் போட்டு அக்கா. கண் சிவந்திருந்தது.

"எனக்கு இது தெரியாது அமுதா" என்றார்.

"எது அக்கா?"

"இதால அளக்க. எனக்குத் தெரியவே தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்வானேன், நன்றாகவே சிரித்தேன். அக்கா கோபப்படவில்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால் ஆசிரியர் பயிற்சியில் அந்தப் பாடம் நடந்த வாரம் மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லி குடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தாராம். பரீட்சையில் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு வேறு எழுதினாராம். பிறகு யாரிடமாவது கேட்டிருக்கலாம். கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியபிறகு போய்க் கேட்க வெட்கம். ஐந்தாம் வகுப்புக்கு மாற்றியபோது அந்தக் கடைசிப் பாடத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்த்தாராம். பள்ளியில் கருவி இல்லை என்று தெரிந்ததும் உயிர் வந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் இல்லாமல் போகிறதே என்று ஒரு பக்கம் குறுகுறுக்கும், அதற்காகக் கருவி கேட்டு எழுதச் சொல்வார். வந்துவிடக் கூடாதே என்று இன்னொரு பக்கம் சாமியைக் கும்பிடுவார்.

"சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்? அந்தாளு முன்னால நின்னு நான் முழிக்கப் போறேன். அவரு எழுதிட்டுப் போயிருவாரு. அப்புறம் எம்புள்ள கலியாணத்துக்குத்தான் நான் கீழ எறங்குவேன்" என்றார்.

"இது ஒரு பெரிய வித்தையாக்கா? குடுங்க இப்படி" என்று வீராப்பாக வாங்கிப் பார்த்தேன். வாங்கிய பிறகுதான் என் சிரிப்பு நின்றது. சுற்றிலும் ஒரு வரிசை எண் இல்லை, இரண்டு வரிசை. ஒன்று இடமிருந்து வலமாகச் சுழியிலிருந்து, அதாவது பூஜ்யத்திலிருந்து, நூற்றெண்பது வரை போகிறது. இன்னொன்று வலமிருந்து இடமாகப் போகிறது. ஒரே கோட்டுக்கு மேலே அறுபது, கீழே நூற்றிருபது. எதைப் படிப்பது? நானும் பள்ளிக்கூடத்தில் இதைக் கையில் பிடித்தவள்தான். என்ன பிடித்தேனோ!

ஒன்றுமே தெரியாத இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வசதி உண்டு, யாருக்கும் யார் முன்னாலும் வெட்கம் இல்லை. காகிதத்தின் மூலை செங்கோணம், தொண்ணூறு பாகை, அது இருவருக்கும் தெரியும். அதை வைத்து அளந்தோம். இரண்டு வரிசையிலும் தொண்ணூறு ஒரே இடத்தில் நின்றுகொண்டு எங்களை ஏமாற்றியது. அப்புறம் அக்காவுக்கு ஒரு யோசனை. மூலையைச் சரிபாதியாக மடித்தார். பாதி என்றால் நாற்பத்தைந்து, இதில் சந்தேகம் இல்லை. வைத்துப் பார்த்தால் ஒரு வரிசையில் நாற்பத்தைந்து, மற்றதில் நூற்று முப்பத்தைந்து. காகிதத்தைத் திருப்பிப் போட்டோம். இப்போது மற்ற வரிசையில் நாற்பத்தைந்து!

அக்கா அப்படியே குனிந்து, மூக்கு பிளாஸ்டிக்கில் இடிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "சுழியைப் பாரு அமுதா" என்றார் கடைசியில். "கீழ்க்கோட்டு மேல எந்த வரிசையோட சுழி வந்து படுத்திருக்குதோ, அந்த வரிசையிலதான் படிச்சுட்டுப் போகோணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! இதற்காகவா பதினாறு வருடம் ஒரு மனுஷி பயந்து செத்தாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்காவோ அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அன்றைக்குச் சோறு இறங்கியது. இரண்டு நாளாகத் தொடாத குழம்பைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டோம்.

திங்கள்கிழமை பாடம் தொடங்கியது. காப்பிப் பழம் பறிக்கிற காலம். பிள்ளைகளில் பாதிப் பேர் தாயோடு எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். அக்கா பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போய், "ஏனுங்க, இந்த ஒரு மாசம் மட்டும் புள்ளைய அனுப்புங்க" என்று கெஞ்சி, பதினெட்டுப் பேரையும் உட்கார வைத்துவிட்டார். வந்த பிள்ளைகளின் விரலில் காப்பிப் பழத்துப் பிசுபிசுப்பு. இரண்டே நாளில் கோணமானி எல்லாம் பழுப்பேறிவிட்டது. அக்கா தினமும் சாயங்காலம் அவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவி, தலைமை ஆசிரியர் மேசைமேல் காய வைப்பார்.

"புள்ளிய மூலையில வையி! கோட்டைக் கோட்டு மேல படுக்க வையி! சுழி எங்கன்னு பாரு!" இந்த மூன்றையும் அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, என் ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகள்கூட அ, ஆ எழுதுவதை விட்டுவிட்டு "சுழி எங்கன்னு பாரு" என்று கத்த ஆரம்பித்தன. பிளாஸ்டிக்கின் ஓரத்தை வைக்கக் கூடாது, அதற்கு மேலே இருக்கிற கோட்டைத்தான் வைக்க வேண்டும் என்பது ஐயாக்கண்ணு என்ற பையனுக்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது. மற்றவர்கள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். கூரைச் சரிவு, மடக்கிய முழங்கை, திறந்த புத்தகம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை, அவற்றுக்கு ஏறக்குறைய எத்தனை பத்து என்று சொன்னால் போதும். ஒரு விஷயம் மட்டும் எங்கள் புத்திக்கு எட்டவில்லை. மரக் கோணமானியில் பத்துப் பத்தாகத்தான் கோடு கண்ணுக்குத் தெரியும். அதனால் அக்கா பலகையில் போட்ட கோணம் எல்லாம் முப்பது, அறுபது, நூற்றிருபது என்று முழுப் பத்தாகவே இருந்தது. பொடிக் கோடுகளை எண்ணிப் படிக்கிற வேலை பிள்ளைகளுக்கு வரவே இல்லை.

ஆய்வாளர் தங்கராஜ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். நெட்டை மனிதர், நரை மீசை, சிரிக்காத முகம். பஸ்ஸை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்து வந்த எரிச்சல் வேறு. ஆரோக்கியதாஸ் சார் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு நேராக ஐந்தாம் வகுப்புக்குப் போனார். பையிலிருந்து பதினெட்டுத் துண்டுச் சீட்டுகளை எடுத்தார். எல்லாவற்றிலும் ஒரே கோணம், சைக்ளோஸ்டைல் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"அளந்து கீழ எழுதுங்க. டீச்சர், நீங்க இப்படி வந்து நில்லுங்க" என்றார்.

அக்கா என் பக்கத்துப் பலகையோரம் வந்து நின்றார். அவர் கை என் கையைத் தேடியது. சில்லென்று இருந்தது. பிள்ளைகள் குனிந்து அளந்தார்கள். பதினெட்டுப் பேரும் புள்ளியை மூலையில் வைத்தார்கள், கோட்டைக் கோட்டின்மேல் படுக்க வைத்தார்கள். ஐயாக்கண்ணுகூடச் சரியாக வைத்தான். நான் அக்காவின் விரலை அழுத்தினேன். தப்பித்தோம் என்றுதான் அர்த்தம்.

ஆய்வாளர் சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் இறுகியது.

"டீச்சர், இந்தக் கோணம் அறுபத்தி ஏழு டிகிரி. இங்க பதினேழு பேர் அறுபத்தி எட்டுன்னு எழுதியிருக்காங்க."

சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பெஞ்சின்மேல் போட்டார்.

"புள்ளைங்க தப்புப் பண்ணா ஒருத்தன் அறுபதும்பான், ஒருத்தன் எழுபதும்பான். பதினேழு பேரும் ஒரே தப்பை எப்படீங்க பண்ணுவாங்க? போன வாரம் இந்தச் சீட்டு நம்ம ஆபீஸ் மேசையில கெடந்துச்சு. யாரோ பாத்துச் சொல்லியிருக்கோணும். விடையச் சொல்லிக் குடுத்தீங்க, அதையும் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. இந்தா, கமலான்னு ஒரு புள்ள மட்டும் சரியா எழுதியிருக்குது. அது ஒண்ணுதான் நீங்க சொன்னதைக் கேக்கலையாட்ட இருக்குது."

அவர் பார்வைப் புத்தகத்தைக் கேட்டார். ஆரோக்கியதாஸ் சார் எடுத்து வந்து நீட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சருக்குப் பாடம் தெரியாது என்று ஆகியிருந்தால் ஒரு குறிப்போடு போயிருக்கும். விடை சொல்லிக்கொடுத்தார் என்று எழுதிவிட்டால் அது வேலைக்கே உலை. மாறுதலாவது, ஒன்றாவது.

அக்கா என் கையை விட்டுவிட்டு முன்னால் போனார். "சார், ஒரே ஒரு புள்ளைய வாய் விட்டு அளக்கச் சொல்லுங்க சார். புதுசா ஒரு கோணம் நீங்களே போடுங்க. புள்ளையும் நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க."

ஆய்வாளர் பார்வைப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு ஒரு காகிதத்தில் ஏதோ கோணத்தை வரைந்து, முன்வரிசையில் இருந்த ராசாத்தியிடம் கொடுத்தார். சாமையும் ராகியும் விளைவிக்கிற காட்டுக்காரர் மகள். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும், அவ்வளவு கூச்சம்.

ராசாத்தி கோணமானியை வைத்தாள். "புள்ளி மூலையிலங்க. கோடு கோட்டு மேலங்க. சுழி இங்கீங்க." பென்சில் முனை சுழியிலிருந்து பத்து, இருபது என்று ஏறிப் போய் ஐம்பதில் நின்றது. அப்புறம் பொடிக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஐம்பதாவது கோட்டின் மேலேயே பென்சிலை வைத்து, "லாபம்" என்றாள். அடுத்த கோட்டில் "ரெண்டு." அதற்கு அடுத்ததில் "மூணு." கோணம் முடிகிற கோட்டில் "நாலு."

"அம்பத்தி நாலுங்க சார்."

வரைந்தது ஐம்பத்து மூன்று. ஆய்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்ன? லாபமா?"

ராசாத்தி பயந்து போய் எழுந்து நின்றாள். பின்னாலிருந்து ஐயாக்கண்ணுதான் பதில் சொன்னான். "ஒண்ணுன்னு ஆரம்பிக்கக் கூடாதுங்க சார். ஒண்ணோட நின்னு போயிருமுங்க. லாபம்னுதான் சொல்லோணும்."

"நீயும் அப்படித்தான் எண்ணுனியா?"

"எல்லாரும் அப்படித்தானுங்க. கமலாவுக்குத் தெரியாதுங்க, அவங்க ஊட்டுல டீக்கடைங்க, சாமை அளக்க மாட்டாங்க."

நெல்லோ சாமையோ களத்தில் வள்ளம் என்கிற படியால் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் சொல்வது. இது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பழக்கம் கோணமானிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று எவர் கண்டார்? அப்போதுதான் அறுவடை முடிந்து சாமை அளந்திருந்த நேரம். பதினேழு வீட்டுப் பிள்ளைகளும் தனித்தனியாக, யாரும் யாரையும் பார்க்காமல், அறுபதாவது கோட்டையே லாபம் என்று எண்ணியிருக்கிறார்கள். பதினேழு பேருக்கும் ஒரு பாகை கூடிவிட்டது!

ஆய்வாளரின் மீசை துடித்தது. கோபமா என்று பார்த்தேன். இல்லை, அந்த மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "எங்கப்பன் நெல்லு அளக்கறப்ப லாபம்னு சொல்றதக் கேட்டுத்தாங்க நானும் வளந்தேன்" என்று முணுமுணுத்தார். பிறகு குரலை நிமிர்த்திக்கொண்டு, "சரி டீச்சர். காப்பி அடிக்கலை. ஆனா தப்பு தப்புத்தான். திருத்துங்க, பாக்கலாம்" என்றார்.

நானாக இருந்தால், "லாபமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்" என்று பிரம்பை எடுத்திருப்பேன். அக்கா ராசாத்தி பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"சாமி, உங்க ஊட்டுல சாமை அளக்கறப்ப, வள்ளம் காலியா கையில இருக்கும்போதே லாபம்னு சொல்லுவீங்களா?"

"இல்லீங்க டீச்சர். மொண்டு கொட்டோணுமுங்க. கொட்டுனாத்தானுங்க லாபம்."

"அப்ப, அம்பதாங் கோட்டுல பென்சில் நிக்குதே, இப்ப எத்தனை வள்ளம் கொட்டியிருக்கற?"

ராசாத்தி கோட்டைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "இன்னும் கொட்டலைங்க."

"அடுத்த கோட்டுக்குப் போயிட்டா?"

"லாபமுங்க!" என்றாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. "அப்ப மூணுதானுங்க. அம்பத்தி மூணுங்க!"

அதற்குள் பின்வரிசையில் ஆளாளுக்கு எழுந்து, "எங்க சீட்டைக் குடுங்க சார், எங்க சீட்டைக் குடுங்க சார்" என்று கையை நீட்டினார்கள். ஆய்வாளர் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தன. பதினெட்டும் அறுபத்து ஏழு. ஆரோக்கியதாஸ் சார் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. ஆய்வாளர் சும்மா இருக்காமல் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

"நொம்ப நல்லாப் பண்ணீங்க டீச்சர். நொம்ப நாள் பழக்கம் இருந்தாத்தான் இப்படிச் சொல்லிக் குடுக்க முடியும். இந்தப் பாடத்தை எத்தனை வருசமா நடத்தறீங்க?"

ஆறு வருடம் என்று சொன்னால் போதும். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, ஐந்தாம் வகுப்புக்கு அவர் வந்து ஆறு வருடம்தானே. நான் பலகைக்குப் பின்னால் நின்று ஆறு விரலைக் காட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இருபத்தி மூணு நாளாங்க சார்."

ஆரோக்கியதாஸ் சார் இருமினார். அக்கா நிறுத்தவில்லை. காமாலை, கீழாநெல்லி, பரீட்சையில் தள்ளிவிட்ட கேள்வி, கருவி இல்லை என்று மூடிய ஆறு வருடப் புத்தகம், எல்லாவற்றையும் பதினெட்டுப் பிள்ளைகள் கேட்கக் கேட்கச் சொல்லிவிட்டார். "கமுக்கமா இருந்திருந்தா நீங்க நல்லா எழுதிட்டுப் போயிருப்பீங்க சார். ஆனா இந்தப் புள்ளைங்க தப்பா எண்ணுனாலும் மறைக்காம வாய் விட்டு எண்ணுச்சுங்க. நான் மட்டும் மறைச்சா நல்லா இருக்காதுங்க" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கும்பிடுகிற நேரத்தில் கோயிலை இடிப்பார்களா?

ஆய்வாளர் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தார், மூடினார். "ஆறு வருசம் பாடத்தை விட்டதுக்கு நான் மெமோ குடுக்கோணும்."

"குடுங்க சார்."

"இருபத்தி மூணு நாள்ல இப்படி நடத்துனதுக்குப் பாராட்டி எழுதோணும்." கொஞ்சம் யோசித்தார். "நான் வந்தது இன்னைக்கு. இன்னைக்கு என்ன பாத்தனோ அதைத்தான் எழுத முடியும். மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க."

எழுதினார். நாலே வரி. ஐந்தாம் வகுப்பு மாணவர் அனைவரும் கோணமானியைச் சரியாகக் கையாளுகின்றனர், ஆசிரியை பிழையின் காரணத்தைக் கண்டு திருத்துகிறார், இவரது மாறுதல் விண்ணப்பம் பரிசீலிக்கத் தக்கது. படித்துவிட்டு ஆரோக்கியதாஸ் சார் புத்தகத்தை என்னிடம் காட்டினார், நான் அக்காவிடம் காட்டினேன். அக்கா படிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெஞ்சிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி வந்து நின்றார்கள். முந்தானையை விலக்கினால், சிரித்துக்கொண்டிருந்தார்.

"அமுதா, ஒடம்பு நொம்ப லேசா இருக்குது" என்றார்.

ஏப்ரல் கடைசியில் மாறுதல் உத்தரவு வந்தது. சேலத்தில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்துப் பள்ளி. நான் அன்றைக்கே மூட்டை கட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பதினைந்து நாள் டயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதினார். நூற்றுக்கு மேல் இருந்தார்கள். லீவு நாளில் கிளியூர், வெள்ளக்கடை என்று நடந்தே போய், "ஞாயித்துக்கெழமை பள்ளிக்கூடத்துக்கு வாங்க கண்ணு, ஒரு பாடம் பாக்கி இருக்குது" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார்.

எவரும் வரமாட்டார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஹைஸ்கூல் படிக்கிற ஏழெட்டுப் பேர், "இது எங்களுக்குத் தெரியுமுங்க டீச்சர், உங்களப் பாக்க வந்தோம்" என்றார்கள். படிப்பை நிறுத்திவிட்டு எஸ்டேட்டுக்கும் ஓட்டலுக்கும் வேலைக்குப் போய்விட்ட மற்றவர்களுக்குத் தெரியாது. அக்கா அவர்களைச் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார வைத்தார்.

முதல் வருடத்து மாணவி காளியாயி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை கோணமானியைப் பிடுங்கிக் கடித்தது. அவள் அதை வாங்கி முந்தானையில் துடைத்தபடி, "நான் பழம் பொறுக்கப் போறவ. எனக்கு எதுக்குங்க டீச்சர் இது?" என்று கேட்டாள்.

"உனக்கில்ல சாமி" என்றார் அக்கா. "எனக்கு."

காளியாயி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, புள்ளியை மூலையில் வைத்தாள்.